ஃபேனில் பறந்த மழை

தாம்பரத்தில் ரயில் கிளம்பும் முன்பே எதிர் சீட்டுப் பெண் தன் தோழியிடம் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

“ஒரு ஃபேனைப் போட்டு, ஆயிரம் வருஷத்து மழையைப் பறக்க விட்டுட்டாருடி எங்க சார்!”

“புரியற மாதிரி சொல்லு.”

“நடுக்கடல்ல அடியிலேர்ந்து எடுத்த சேறுடி. அதைக் கழுவினா மணலைவிடப் பொடியா சிப்பி கிடைக்கும். அதை வச்சுதான் அந்தக் காலத்துல மழை எப்படிப் பெஞ்சுதுன்னு கண்டுபிடிக்கிறோம். மைக்ராஸ்கோப்ல பாத்து, ஈர பிரஷ்ஷால ஒண்ணொண்ணா, மூணு மாசமா பொறுக்கினேன். வேர்த்து ஊத்தும், ஆனா ஃபேன் போட மாட்டேன். இன்னிக்கு வந்தாரு, ‘என்னம்மா இப்படிப் புழுங்குது’ன்னு சுவிட்சைத் தட்டினாரு. அவ்வளவும் தரையில தூசியோட தூசி.”

“திரும்பப் பொறுக்க முடியாதா?”

“சேறு அடுக்கடுக்கா படிஞ்சிருக்கும், அந்தக் காலத்து அடுக்குல கிடைச்ச சேறே அவ்வளவுதான். வேணும்னா மறுபடி கப்பல்ல போய்த்தான் எடுக்கணும். அடுத்த மாசம் தீசிஸ் குடுக்கணும். எனக்காக யாரு கப்பல் விடுவா?”

“சாரியாவது சொன்னாரா?”

“சாரியா? ‘சுவிட்சு மேல ஒரு நோட்டீஸ் ஒட்டக் கூடாதா’ன்னு என்னைத் திட்டுறாரு.”

குரோம்பேட்டை வந்தது. இறங்க எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள்.

“நோட்டீஸ் இருக்குடி. ‘ஃபேன் போடக் கூடாது’ன்னு பெரிசா ஒட்டியிருக்கு. கீழ கையெழுத்து போட்டிருக்கறதே அவருதான்!”