பெட்டிக்குள் கத்திரிக்கோல்

எனக்கு வயது 48. தெருவில் டைலரக்கா என்றால் யாரும் கடையைக் காட்டுவார்கள். பஸ் டிப்போவின் பின்வாசலுக்கு எதிரே மாடியில் வீடு, கீழே கடை. புகார் கொடுத்திருப்பவர் என் கணவர், டிப்போ மெக்கானிக். சந்தேக நபர் என்று எழுதப்பட்டு காலை முதல் இந்தக் காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் என் கூடப்பிறந்த தம்பி. அவன் எடுக்கவில்லை. எடுத்தது நான்.

காணாமல் போனதாகச் சொல்லும் பொருள், உலகப் போரில் குண்டு போட்ட இரட்டை எஞ்சின் விமானத்தின் சின்ன மாடல், உலோகத்தில் வார்த்தது. என் கணவர் பதினோரு வருஷமாக சீல் பிரிக்காமல் பெட்டியோடு அலமாரியில் வைத்திருந்தார். பஸ் எஞ்சினையெல்லாம் பிரித்து மேய்கிற மனுஷன், இதை மட்டும் பிரிக்க மாட்டார். "சீல் உடைஞ்சா மதிப்பே போச்சு" என்பார். ஞாயிறுதோறும் எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பார்.

போன மாதம் அவர் வேலைக்குப் போன பிறகு, ஆசை தாங்காமல் நான் பிரித்துவிட்டேன். அடேயப்பா, என்ன அழகு! ஊதினால் இரண்டு விசிறியும் சுற்றுகிறது. சக்கரம் உள்ளே மடங்குகிறது. அதன்பிறகு திரும்ப அடைத்து வைக்க மனசு வரவில்லை. கடையில் பட்டன் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். ஒரு காலர் தைத்து முடித்தால் ஒரு ஊது. அளவு கொடுக்க வந்த டீச்சரம்மாவும் ஊதினார். பெட்டி எடை குறையக் கூடாதே என்று என் பழைய கத்திரிக்கோலைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து ஒட்டினேன். துணி நழுவும் என்று நான் கண்டேனா?

நேற்று ஞாயிறு, துடைக்கும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டிருக்கிறது. அப்போதும் அவர் பிரிக்கவில்லை, விமானத்தை எடுத்துவிட்டு வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். முந்தின நாள் வீட்டுக்கு வந்துபோன ஒரே ஆள் என் தம்பி என்பதால், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பெட்டியோடு இங்கே வந்து புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன்பிறகு இன்று ஏட்டு ஐயா அவர்கள் பெட்டியைத் திறக்க, கத்திரிக்கோல் வந்தது. கைப்பிடியில் நான் சுற்றிய சிவப்பு நூலைப் பார்த்து, "இது நம்ம வீட்டம்மாதுங்க" என்று என் கணவரே சொல்லியிருக்கிறார். தகவல் வந்ததும் விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன்.

தம்பி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தான். விமானத்தை மேஜையில் வைத்தேன். என் கணவர் கத்துவார் என்று நினைத்தேன். அவர் குனிந்து விசிறியையே பார்த்தார். தம்பிதான் எழுந்து வந்து, "என்னைத் திருடன்னு சொன்னீங்கல்ல மாமா, முதல் ஊது எனக்குத்தான்" என்றான். ஊதினான். அதன்பிறகு என் கணவர் ஊதினார். அதன்பிறகு இதை எழுதிக்கொண்டிருக்கும் ஐயாவும் ஊதினார். என் கணவர் சக்கரத்தை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். "மடங்கும்னு சொல்லவே இல்லையேடி" என்றார். கண் கலங்கியிருந்தது. அதன்பிறகு என் தம்பியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

புகாரை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். நான் சொன்னபடியே எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன், கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. கத்திரிக்கோலும் விமானமும் பெற்றுக்கொண்டேன். பெட்டி இனி வேண்டாம் என்று என் கணவர் சொல்லிவிட்டபடியால், அது நிலையத்திலேயே விடப்பட்டது.

(கையொப்பம்)