எரியும் கூந்தல்காரிக்குப் பேர் உண்டு

மேடைக்கு நடுவே வீற்றிருக்கும் தலைவர் குராமோச்சி அவர்களே! ஊர்ப் பெரியவர்களே! மடியில் பிள்ளையைப் போட்டு விசிறிக்கொண்டிருக்கும் தாய்மார்களே! எல்லாருக்கும் என் வணக்கம்.

நம் ஊர்ப் பேய்க்கதைகளைப் புத்தகம் போட்டிருக்கிறீர்கள். வாழ்த்துரைக்க என்னை அழைத்தீர்கள். எனக்கு வாசிக்க வராது, பக்கத்து வீட்டுப் பெண் வாசித்துக் காட்டினாள். அட்டையிலேயே நிற்கிறாள் எரியும் கூந்தல்காரி. பெற்ற பிள்ளையைத் தீயில் போட்டவளாம். பனிநாளில் கதவைத் தட்டுவாளாம்.

அவள் பேர் ஷிகெனோ. என் அம்மா.

முன்னோர் வீடு திரும்பும் ஓபோன் பண்டிகை வருகிறது. இந்தப் புத்தகம் இப்படியே கடைக்குப் போனால், என் அம்மா எந்த முகத்தோடு வீடு திரும்புவாள்? பேயாகவா?

பேய் எங்கே பிறக்கிறது? பாழுங்கிணற்றிலா? மூங்கில் காட்டு மூடுபனியிலா? இல்லை ஐயா, இல்லை! மனிதன் மனசில் பிறக்கிறது, மனிதன் மௌனத்தில் வளர்கிறது!

போர் முடிந்த வருஷம். அப்பா போரில் செத்துப்போயிருந்தார். ஊர்க் கிடங்கு அரிசியை அன்றைய தலைவர் வெளியூருக்குக் கடத்தினார். அம்மா அதிகாரியிடம் சொன்னாள். ஊர் எங்களைத் தள்ளிவைத்தது. பேச்சில்லை, பண்டிகையில்லை, காய்ச்சலுக்குக் கஞ்சியில்லை. தீப்பிடித்தால் வருவார்கள், செத்தால் வருவார்கள். தள்ளிவைத்த வீட்டுக்கு ஊர் விதி அவ்வளவுதான்.

கூரை முட்டப் பனி. தம்பி மினோருவுக்கு மூச்சு இழுக்கிறது. வைத்தியர் மலையடிவாரத்தில், சறுக்குவண்டி இழுக்க ஆள் வேண்டும். கதவு கதவாகத் தட்டினாள் அம்மா. ஒரு கதவு திறந்ததா? ஒரு குரல் கேட்டதா?

திரும்பி வந்து சொன்னாள்: "ஃபுமி, தம்பியப் போர்த்தித் தூக்கிட்டு வெளிய நில்லுடி. தீன்னா வந்துதானே ஆகணும்? வரட்டும், பாக்கலாம்."

தன் கூரையில் தானே தீ வைத்தாள்!

வந்தார்கள்! வாளியோடு வந்தார்கள், வரிசையாக நின்றார்கள், வாரி வாரி இறைத்தார்கள். தீ அணைந்தது. கூந்தல் கருகிய அம்மா பனியில் நெற்றி பதித்தாள். "புள்ளைக்கு மூச்சு நிக்குதுங்க! இவ்ளோ பேர் இருக்கீங்களே, வண்டிய இழுங்களேன்!"

தலைவர் வாளியைக் கீழே வைத்தார். "தீ அணைஞ்சிருச்சு. வாங்கப்பா, போலாம்."

மறுநாள் மறுபடி வந்தார்கள். தம்பி சாவுக்கு வரவேண்டுமே! குழி வெட்டினார்கள், முறை தவறாமல்.

யாரப்பா பின்னால? "நல்ல நாள்ல பழைய கதை எதுக்குப் பாட்டி"யா? பழசை அட்டையில் போட்டது நானா ராசா, நீங்களா?

அவளைப் பேயாக்கினால்தான் தாங்கள் மனிதர்களாகத் திரியலாம் என்று ஊர் கட்டிய கதை இது. நம் நாட்டுப் பேய்க்கதை எதையும் உரித்துப் பாருங்கள். உள்ளே திறக்காத கதவு ஒன்று இருக்கும்.

தலைவரே, இது அன்று எங்கள் முற்றத்தில் உங்கள் அப்பா விட்டுப்போன வாளி. 'குராமோச்சி' என்று எழுதியிருக்கிறது. எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே சொல் இதுதான். இன்று திருப்பித் தருகிறேன். அந்தப் பக்கத்தில் பேய் என்ற சொல்லை அடித்து என் அம்மா பேரை எழுதுங்கள். வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனவர் பேரையும் எழுதுங்கள். அதுவரை என் வாழ்த்து கிடையாது. குனியாதீர்கள். கையை நீட்டுங்கள்.

தீயை அணைத்த ஊருக்கு நன்றி. குழி வெட்டிய ஊருக்கு நன்றி. இரண்டுக்கும் நடுவில் நன்றி சொல்ல ஆளைத் தேடுகிறேன், ஒருவரும் இல்லை. வணக்கம்.