பாஸ்வேர்ட் கொப்பி

பாஸ்வேர்டை மறப்பது மனிதர்களுக்கு இயல்புதான், மிஸ். பத்து வருடத்துக்கு முன் யார் கல்யாணத்தில் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள் என்பதையெல்லாம் எங்கள் ஆட்கள் துல்லியமாகச் சொல்வார்கள். காலையில் போட்ட எட்டு எழுத்து மாலையில் மறந்துபோகும்.

அதனால்தான் கொப்பி வைத்தேன். நீங்கள் லோஜினியின் சட்டத்தரணி. கண்டியிலிருந்து இதற்காகவே பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

புசல்லாவைக்குப் போகும் வீதியில் பதினான்கு வருடமாக இந்தப் போன் கடையை நடத்துகிறேன். மேலே தேயிலைத் தோட்டத்தில் யார் புதுப் போன் வாங்கினாலும் என்னிடம்தான் வருவார்கள். "செல்வம் அண்ணே, பேஸ்புக் போட்டுத் தாங்க" என்று போனை மேசையில் வைப்பார்கள். நான் கணக்குத் திறந்து, பாஸ்வேர்ட் வைத்து, அதைக் கொப்பியில் பெயருக்கு நேரே எழுதிக்கொள்வேன். மறந்தால் மீட்டெடுக்க ஒரு போன் நம்பர் கேட்கும். இவர்கள் மாதத்துக்கு ஒரு சிம் மாற்றுகிறவர்கள். ஆகவே கடை நம்பரையே கொடுத்துவிடுவேன். மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டுப் பேர். எதற்கு எழுதுகிறாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கொப்பியால் நடந்த நல்லதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கு வருடத்துக்கு முன் தோட்டத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று காணாமல் போனது. பொலிஸ் சார்ஜன்ட் மாத்தயா ஜீப்பில் கடைக்கே வந்தார். பிள்ளையின் கணக்கைத் திறந்தேன். கம்பளையில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளை தாயிடம் வந்து சேர்ந்தாள். மறுநாள் சார்ஜன்ட் என்னை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, உட்காரச் சொன்னார். உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். என் அப்பா தன் ஆயுளில் மூன்று தடவை ஸ்டேஷனுக்குப் போனார், மூன்று தடவையும் நின்றுகொண்டேதான் பேசினார். எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு கிழமைக்கு ஒரு தடவை போக ஆரம்பித்தேன். சார்ஜன்டுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. யார் என்ன எழுதுகிறார்கள் என்று நான் வாசித்துச் சிங்களத்தில் சொல்வேன். ஊருக்குத் தெரியப் போட்டதையும் சொல்வேன், ஒருவருக்கொருவர் தனியாக அனுப்பியதையும் சொல்வேன். எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கொழுந்து லொறியில் வேலை செய்யும் யுகேஷ், நிறுவையில் ஏமாற்றுகிறார்கள் என்றும் நாளைக்குப் போய் நியாயம் கேட்போம் என்றும் நண்பன் ஒருவனுக்கு எழுதியிருந்தான். நாளைக்குக் கலகம் செய்யப் போகிறார்கள் என்று சார்ஜன்டிடம் சொன்னேன். மொழிபெயர்க்கும்போது கொஞ்சம் முன்பின் ஆகத்தான் செய்யும். இரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு அவன் யாருக்கும் எதுவும் எழுதவில்லை. தோட்டம் அமைதியாக இருந்தது.

லோஜினி நல்ல பிள்ளை. இதை எந்தக் கோர்ட்டிலும் வந்து சொல்வேன். கொழுந்து எடுக்கிற பேச்சியம்மாவின் ஒரே மகள், தோட்டத்துப் பாலர் பாடசாலையில் டீச்சர். லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வராததைப் படம் பிடித்துப் போடுவாள், கூரைத் தகரம் பறந்ததைப் போடுவாள். யாரையும் திட்ட மாட்டாள். ஆனால் நானூறு ஐந்நூறு பேர் அதைப் பகிர்வார்கள். மேலிடத்துக்கு அது தலைவலி என்றார் சார்ஜன்ட். "அந்த டீச்சர் ஏதாவது போட்டாளா?" என்று ஒவ்வொரு கிழமையும் கேட்பார். நானும் உள்ளும் வெளியும் தேடிப் பார்த்தேன். பிடிப்பதற்கு ஒன்றும் இல்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து, கண்டியில் யாரோ நடத்திய ஒருநாள் வகுப்புக்குப் போய்வந்தாள். போனைப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது பற்றிய வகுப்பாம். மறுநாள் கடைக்கு வந்தாள். ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, அந்தக் கொப்பிய குடுங்க."

"எதுக்கும்மா?"

"எல்லார் வீட்டுச் சாவியும் உங்ககிட்ட எதுக்குண்ணே? யுகேஷ் எழுதுனது ஸ்டேஷனுக்கு எப்படிப் போச்சுன்னு யோசிச்சுப் பார்த்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே நாங்களே மாத்திக்கிறோம்."

குரலை உயர்த்தவில்லை. நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். கொப்பி தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய் எல்லாருக்கும் பாஸ்வேர்ட் மாற்றச் சொல்லிக்கொடுத்தாள். ஒரு மாதத்தில் இருநூறு கணக்குக்கு மேல் எனக்குத் திறக்கவில்லை. சார்ஜன்டிடம் கொண்டுபோக என்னிடம் ஒன்றுமில்லை. அவரும் என்னை வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பத் தொடங்கினார். எனக்கு வலித்தது, மிஸ். இத்தனை வருடம் எல்லாருக்கும் செய்துகொடுத்தவனைக் கள்ளனைப் போலப் பார்த்தால் வலிக்காதா?

அவள் பாஸ்வேர்டை மாற்றினாள், ஆனால் கடை நம்பரை எடுக்கவில்லை. ஒருநாள் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்க நேரம் இருந்திருக்காது. அவள் கணக்கு எப்போது திறக்கப்பட்டது என்று உங்கள் தாளில் இருக்கும் நாளும் நேரமும் சரிதான், மார்ச் ஆறாம் திகதி, காலை பத்து பத்து. பாலர் பாடசாலை இருக்கிற பள்ளத்தில் சிக்னல் கிடைக்காது, பன்னிரண்டு மணிவரை அவளுக்கு எதுவும் தெரியவராது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டேன் என்று இருப்பதை அழுத்தினேன். ஆறு இலக்கம் கடைப் போனுக்கு வந்தது. பாஸ்வேர்டை மாற்றாமலே உள்ளே போனேன். பௌத்தர்களைக் கேவலப்படுத்தும் படம் ஒன்று ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தேன். அதைப் போட்டு, மேலே தமிழில் ஒரு வரி எழுதினேன். அவள் எழுதுவது போலவே எழுதினேன். நான்கு வருடமாக அவளை வாசித்தவன், அது கஷ்டமாக இல்லை. பிறகு அதைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், நானே வாசித்து, நானே சிங்களத்தில் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சொல்லும் கூட்டவில்லை.

ஜீப் போனபோது பிள்ளைகளுக்குக் கை கழுவிவிட்டுக்கொண்டிருந்தாளாம். ஈரக் கையோடேயே ஏற்றினார்களாம். அன்று பின்னேரம் சார்ஜன்ட் எனக்குப் போன் எடுத்தார். "நான் போடவில்லை என்று அழுகிறாள். வேறு யாராவது போட்டிருக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது மாத்தயா. அவ பாஸ்வேர்ட மாத்திப் பத்திரமா வச்சிருக்கா. தோட்டத்துல எல்லாருக்கும் சொல்லிக் குடுத்ததே அவதான்" என்று சிங்களத்தில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

யுகேஷைப் போல இரண்டு நாளில் விட்டுவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மதத்தைக் கேவலப்படுத்தினால் போடுகிற அந்தச் சட்டத்தில் இலகுவாகப் பிணை கிடைக்காது என்பது எனக்குத் தெரியாது. இன்றோடு நான்கு மாதமும் பதினொரு நாளும் விளக்கமறியல் சிறையில் இருக்கிறாள். மெலிந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் கவலைதான்.

போன மாதம் பேச்சியம்மா கடைக்கு வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார், இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. "தம்பி, உங்களுக்குத்தான் நல்லாச் சிங்களம் தெரியும். எம்புள்ள அதச் செய்யலன்னு பெரிய ஐயாமாருக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தாங்க" என்றார். உட்காரவைத்து, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம் எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அவர் கீழே தமிழில் பெயரை எழுதினார். ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி எழுதினார். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

உங்கள் பைலில் மூன்றாவதாக இருக்கும் கடிதம் அதுதான். அவர் சொன்னதை நான் எழுதவில்லை. என் மகள் அறியாமையால் இதைச் செய்துவிட்டாள், பெற்றவள் நான் அவளுக்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று எழுதினேன். மறுத்துக்கொண்டிருந்தால் வழக்கு இழுபடும், பணிந்தால் சீக்கிரம் விடுவார்கள் என்ற நல்லெண்ணம்தான். போன வழக்குத் தவணையில் அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் பிணையை மறுத்தார்கள் என்கிறீர்கள். அப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் மிஸ், இப்படியொரு காரியம் நடந்த பிறகு யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்கத்தானே வேண்டும்.