பதினோரு வரி

எனக்கெதுக்கும்மா பன்னெல்லாம். நீங்க சாப்பிட்டீங்களா, அதச் சொல்லுங்க. வெறும் டீயா? விடியறதுக்கு முன்னாடி வீட்ட விட்டுக் கெளம்பினவங்க, வெறும் டீயக் குடிச்சிட்டு எனக்கு பன் வாங்கிட்டு வந்திருக்கீங்க. சரி, குடுங்க. சூடா வேற இருக்கு. உக்காருங்க. அந்தக் கோடியில வேணாம், அந்தப் பக்கம் பெஞ்சுக்குக் கால் சரியில்ல. போன மாசம் ஒரு பெரியவர் கேஸ் கட்டோட சேந்து கீழ விழுந்துட்டார். இப்படி என் பக்கத்துல வாங்க.

நம்பரா? உள்ள ஏதோ பெரிய கேஸ் ஓடுதும்மா. ரெண்டு பக்கமும் பெரிய வக்கீலுங்க, இப்போதைக்கு நகராது. டவாலியே வாசல்ல இல்ல பாருங்க. பேர் கூப்பிட வேண்டிய மனுஷன் தூணுக்குப் பின்னாடி நின்னு போன் பாத்துட்டிருக்கார். நீங்க மூச்சு வாங்கறீங்க, முதல்ல ஒரு நிமிஷம் சும்மா இருங்க. மூணு மாடி. லிஃப்ட்டு ஜட்ஜுங்களுக்கு மட்டும்தான்.

போன தடவ நீங்க ஒண்ணு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? இதுவரைக்கும் எத்தன கேஸ் ஜெயிச்சிருக்கீங்க வக்கீலம்மான்னு. நான் சிரிச்சு மழுப்பிட்டேன். மொத்த உலகத்துலயும் என்னை வக்கீலம்மான்னு கூப்பிடறது நீங்க ஒருத்தர்தான், அந்தப் பேரக் கெடுத்துக்க மனசில்ல. இன்னிக்குச் சொல்றேன். நான் கேஸே நடத்தினதில்லம்மா.

நிஜமாத்தான். இந்தக் கோட்டப் போட்டு ஒண்ணே முக்கால் வருஷம் ஆச்சு. பிரசவத்துக்கு நாலு மாசம் கழிச்சுக்கோங்க. இத்தன நாள்ல கோர்ட்டுல நான் பேசினது ஒரே ஒரு வாக்கியம். சீனியர் வேற கோர்ட்ல வாதாடிட்டிருக்கார், தயவுசெஞ்சு ஒரு தேதி குடுக்கணும். அவ்வளவுதான். அத ஜட்ஜுக்கு ஜட்ஜு மாத்திச் சொல்லணும். ஒருத்தர்கிட்ட குரலத் தாழ்த்திக் கேக்கணும். இன்னொருத்தருக்குக் காது மந்தம், ஆனா ஒத்துக்க மாட்டார், அதனால அவருக்குக் கோவம் வராத மாதிரி சத்தமாச் சொல்லணும். ரெண்டாவது மாடியில ஒரு அம்மா ஜட்ஜ் இருக்காங்க, அவங்ககிட்ட கேக்கறப்ப முகத்துல கொஞ்சம் களைப்பு தெரியணும். அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல.

சிரிக்கறீங்க. சிரிங்க. மத்த ஆபீஸ் ஜூனியருங்க எல்லாம் என்கிட்ட வந்து பாடம் கேப்பாங்க. வாய்தா வாங்கறதுல இந்தக் கட்டடத்துல என்னை அடிச்சுக்க ஆள் இல்ல. அஞ்சு வருஷம் படிச்சதுக்கு மிச்சம் அதுதான்.

எங்க சீனியர் கெட்டவர் இல்லம்மா. திட்ட மாட்டார், கை நீட்ட மாட்டார். முப்பது வருஷமா ஜூனியருங்கள தம்பின்னே கூப்பிட்டுப் பழகினவர், என்னையும் தம்பின்னுதான் கூப்பிடுவார். நிறைமாச வயித்தோட நிக்கறேன், தம்பி அந்தக் கட்டத் தூக்கிட்டு வான்னார். அப்புறம் அவரே பாத்துட்டு, சரி சரி தம்பி, நீ உக்காருன்னார். அந்த ஆபீஸ்லயாவது இடம் கெடச்சுதேன்னு இருந்தது எனக்கு. அதுக்கு முன்னாடி பன்னெண்டு ஆபீஸ் ஏறி எறங்கியிருக்கேன். ஒருத்தர் என் மார்க்கெல்லாம் பாத்துட்டு, கையெழுத்து நல்லா இருக்குமாம்மான்னு கேட்டார். இன்னொருத்தர் அப்பா என்ன பண்றார்னார். பஸ் கண்டக்டர்னேன். அப்புறம் எந்த தைரியத்துல இந்தப் படிப்புக்கு வந்தேன்னு கேட்டார். கிண்டலா இல்லம்மா, நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு கேட்டார்.

அந்த அலைச்சலுக்கு நடுவுல ஒரு கம்பெனியில எடுத்துக்கிட்டாங்க. ஏசி ரூம், சுத்தற நாற்காலி. வேலை என்னன்னா, ஒப்பந்தத்துல பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து இருக்கான்னு பாக்கணும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு படிக்கக்கூடாது, படிச்சா நேரமாகும். நான் ஒரு நாள் படிச்சுத் தொலச்சிட்டேன். எப்ப வேணா, காரணமே சொல்லாம வேலைய விட்டு அனுப்பலாம்னு ஒரு வரி. மேனேஜர்கிட்ட போய், சார் இது செல்லாதுன்னேன். அவர் கோவப்படல. கையெழுத்து இருக்கான்னு மட்டும் பாரும்மான்னார். அப்புறம் ஒரு நாள் என் கல்யாணப் பத்திரிகைய நீட்டினேன். அடுத்த வாரம் வர வேணாம்னுட்டாங்க. வீட்டுக்கு வந்து என் பேப்பர எடுத்துப் பாக்கறேன், அதே வரி. பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

குழந்தையா? நல்லா இருக்கா. பத்து மாசம் ஆச்சு, மாமியார்கிட்ட விட்டுட்டு வரேன். பால் கட்டிக்கும், பதினோரு மணிக்கு மேல நெஞ்சு கல்லாயிடும். கறுப்புக் கோட்டுல ஒரு நல்லது, நனஞ்சா வெளிய தெரியாது. அவ அழுதா நான் என்ன சொல்றேன் தெரியுமா? பத்து நிமிஷம் டைம் குடுங்கன்னு. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சார். வக்கீல் பொண்டாட்டி வந்தா சண்ட போட்டே கொன்னுடுவான்னு எல்லாரும் பயமுறுத்தினாங்க, நீ சண்டைக்கும் தேதி கேக்கறியேன்னார். நானும் சிரிச்சேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரு பயம் வந்துடுச்சும்மா. நாக்குல அது ஒண்ணுதான் மிச்சமோன்னு.

இல்லம்மா, இன்னும் வெளிய யாரும் வரல. எழுந்து எழுந்து பாக்காதீங்க, முட்டி வலிக்கும்.

நான் கன்னியாஸ்திரிங்க நடத்தற பள்ளிக்கூடத்துல படிச்சவ. அங்க எழுந்து நிக்கறதுக்கே அனுமதி கேக்கணும். தண்ணி குடிக்க, வெளிய போக, இருமறதுக்குக்கூட கை தூக்கிட்டு சிஸ்டர் முகத்தப் பாக்கணும். ஒரு தடவ கேட்டாங்க, நீ பெரியவளாகி என்ன ஆகப் போறேன்னு. வக்கீல்னேன். சிஸ்டர் சிரிச்சுட்டாங்க. நீயா, உன் குரல் ரெண்டாவது பெஞ்சுக்கே கேக்காதேன்னாங்க. அந்த ரோஷத்துலதான் படிச்சேன்னு வெச்சுக்கோங்களேன்.

உங்க கட்டு என் கைக்கு எப்படி வந்துச்சு தெரியுமா? உங்க சங்கத்துக்காரங்க கொண்டு வந்து குடுத்த கேஸ், சீனியர் ஒத்துக்கிட்டாரே தவிர பிரிச்சுக்கூடப் பாக்கல. பீரோ மேல தூசியில கெடந்துச்சு. ஒரு லீவு நாள், மத்தியானம், காலால தொட்டில ஆட்டிக்கிட்டே படிச்சேன். பேக்கிங் செக்‌ஷன்ல பத்தொம்போது வருஷம். பதினாலாம் தேதி காலை எட்டு மணிக்கு, வராத ஒருத்திக்காக வருகைப் பதிவுல பொய்க் கையெழுத்துப் போட்டீங்கன்னு உங்கள அனுப்பிட்டாங்க. படிச்சிட்டு நானும் முதல்ல அப்படித்தான் நெனச்சேன், கூட வேலை செய்யறவளுக்கு ஏதோ பாவம் பாத்துப் போட்டிருப்பாங்கன்னு. மன்னிச்சுக்கோங்க. அப்புறம் நாப்பத்தி மூணாவது பக்கம். கம்பெனிக்காரங்களே குடுத்த பேப்பர்மா அது, கேட் நோட்டு. பதினாலாம் தேதி நீங்க ரெண்டாவது ஷிஃப்ட். கேட்டுக்குள்ள நுழைஞ்சது மத்தியானம் ஒண்ணு அம்பதுக்கு. எட்டு மணிக்கு நீங்க அந்தக் கட்டடத்துலயே இல்ல.

ஆமா, நீங்க மூணு வருஷமா அதத்தான் சொல்றீங்க. சொல்றது வேற, அவங்க கையாலயே எழுதி வெச்சிருக்கறது வேற. எனக்குத் தொட்டில் ஆட்டின கால் நின்னு போச்சு. குழந்த முழிச்சுக்கிட்டா. படிச்ச படிப்புக்கு ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்குத் தோணின நாள், வாழ்க்கையில அது ஒண்ணுதாம்மா.

எழுதி வெச்சேன். பதினோரு வரி. அதுக்கு மேல வேண்டியதே இல்ல. சீனியர்கிட்ட காமிச்சேன். நல்லா இருக்கு தம்பி, வெச்சுக்கோன்னார். சொல்லிட்டு டீ கிளாஸ அது மேல வெச்சார். இந்தாங்க, பாருங்க, வட்டமா கற தெரியுதா? இது இந்தக் கோட்டுப் பாக்கெட்ட விட்டு எறங்கினதே இல்ல. பஸ்ல, சமையக்கட்டுல, குழந்தயக் குளிப்பாட்டறப்ப மனசுக்குள்ள சொல்லிப் பாப்பேன். தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவேன். நீங்க அந்த பிஸ்கட் பெட்டி அட்டையில வரிசையா தேதி எழுதி வெச்சிருக்கீங்களே, எட்டு தேதி, அதுல ஆறு நான் வாங்கினது. ஒவ்வொரு தடவயும் இந்தச் சீட்டு பாக்கெட்டுக்குள்ளதான் இருந்தது. சீனியர் வந்து சொல்லட்டும், அவர் சொன்னாத்தான் எடுபடும்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

நீங்களும் ஒரு தடவகூட முகஞ்சுளிக்கல. கம்பெனி பஸ் வர்ற தெருவ விட்டுட்டு, கூட வேலை செஞ்சவங்க கண்ணுல படாம சுத்திப் போறேன்னு சொன்னீங்க பாருங்க, அன்னிக்கு நான் பாத்ரூம் போய் நின்னு அழுதேன். பணம் கெடக்கட்டும் வக்கீலம்மா, ஒரு நாளாவது அந்த கேட்டு வழியா உள்ள போய்ட்டு, அப்புறம் நானா வெளிய வரணும்னீங்க. ரிட்டயர் ஆகற வயசுக்கு இன்னும் ஒன்பது மாசந்தான் இருக்குன்னு இன்னிக்குக் காலையிலகூட சொன்னீங்க. ஒன்பது மாசம் நிறைய நாள்மா, அப்படின்னு நான்தான் சொன்னேன்.

பன்னு ஆறட்டும்மா, அப்புறம் சாப்பிடறேன். கொஞ்சம் பொறுங்க.

ஜட்ஜு இன்னிக்கு லிஸ்ட கீழருந்து ஆரம்பிச்சார். பழைய கேஸெல்லாம் அடியிலதானே கெடக்கு, அத முதல்ல முடிக்கணும்னு மேலருந்து உத்தரவாம். உங்க நம்பர் முப்பத்தொண்ணு, லிஸ்ட்டுல கடைசி, மத்தியானத்துக்கு மேலதான் வரும், போய் ஏதாவது சாப்பிட்டு வாங்கன்னு உங்கள அனுப்பினது நான்தானே. நீங்க படி எறங்கி அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

சீனியருக்கு போன் போட்டேன், எடுக்கல. காலையில சொல்லிட்டுதான் போனார், தேதி வாங்கிடு தம்பின்னு. எழுந்து நின்னேன். ஜட்ஜு கட்டப் புரட்டிப் பாத்துட்டு, எட்டு தடவ ஆச்சு, இனிமே தேதி கெடயாதுன்னார். அப்புறம் கண்ணாடியக் கழட்டிட்டு என்னப் பாத்தார். கோவமா இல்லம்மா. கோவமா இருந்திருந்தா எனக்குப் பழக்கம். நீங்க கட்டப் படிச்சிருக்கீங்களாம்மான்னு கேட்டார். படிச்சிருக்கேன் ஐயான்னேன். அப்ப நீங்களே சொல்லுங்க, நான் கேக்கறேன், அவசரமில்லன்னார். பேனாவத் திறந்து கையில பிடிச்சுக்கிட்டார். கம்பெனி வக்கீல்கூட உக்காந்துட்டார். அந்த ரூமே என் வாயப் பாத்துட்டிருந்துச்சு. யாரும் என்னை அப்படிப் பாத்ததே இல்ல.

சீட்டு பாக்கெட்டுல இருந்தது. எடுக்கக்கூட வேணாம், மனப்பாடம். பதினாலாம் தேதி, ரெண்டாவது ஷிஃப்ட், நாப்பத்தி மூணாவது பக்கம். தொண்ட வரைக்கும் வந்துச்சும்மா, சத்தியமா வந்துச்சு. வாயத் திறந்தேன். சீனியர் வேற கோர்ட்ல வாதாடிட்டிருக்கார், தயவுசெஞ்சு ஒரு தேதி குடுக்கணும்.

ஆமா. அதத்தான் சொன்னேன்.

அவருக்கே சரியா விளங்கலபோல. பரவால்ல, பயப்படாம சொல்லுங்கன்னார். நான் திரும்பவும் அதயே சொன்னேன். மரியாதையா, பணிவா, அவருக்குன்னு வெச்சிருக்கற அந்தத் தாழ்ந்த குரல்ல. கட்டுல தள்ளுபடின்னு ஒரு வார்த்த எழுதினார். அப்புறம் பேனாவ மூடிட்டார். பத்து நாப்பது இருக்கும். உள்ள இப்ப ஓடறது முப்பதாவது.

சீனியர் அப்புறமா போன் எடுத்தார். கவலப்படாதே தம்பி, திரும்ப எடுக்கச் சொல்லி மனு போட்டுக்கலாம், ரெண்டு வருஷத்துல லிஸ்ட்டுக்கு வந்துடும்னார். ஒன்பது மாசம்தான் சார் இருக்குன்னேன். லைன் கட்டாயிருந்துச்சு.

இல்லம்மா, நான் அழல. நெஞ்சுல பால் கட்டியிருக்கு, அவ்வளவுதான்.

என்ன தேடறீங்க பையில? பேனாவா? அந்த அட்டைய உள்ள வைங்கம்மா. எழுதிக்க ஒண்ணும் இல்ல. இன்னிக்குத் தேதி குடுக்கல.