ஏத்தத்துக்கு ஒரு கிளட்ச்

– பெல்ட்டை மட்டும் மாத்திக் குடு மாப்ள, போதும். அதுக்கு மேல ஒண்ணும் நோண்டாத.

– பெல்ட்டை மாத்தி மாத்தி எனக்கே சலிச்சுப் போச்சு மாமா. போன வாரம்தான் ஒண்ணு போட்டேன். அதுக்கு முந்தின வாரம் ஒண்ணு. கூரை ஒழுகுறப்ப தரையைத் துடைச்சிட்டு உக்காந்திருக்கிற கதையால்ல இருக்கு.

– வண்டிக்கு வயசாச்சுடா. எனக்கும்தான்.

– வயசெல்லாம் காரணமில்ல. கேளுங்க மாமா, சொல்றேன். இந்த வண்டிக்கு பைக் மாதிரி ஹேண்டில்பாரும் நாலு சக்கரமும் இருக்கு, மேடு பள்ளம் பாக்காது, எல்லாம் சரி. ஆனா இதுல இருக்கிற கிளட்ச் தோட்டத்துக்குள்ள மூட்டை இழுக்கத்தான் லாயக்கு. நீங்க ஏத்துறது சரிஞ்சு கெடக்கிற மலையில. அது பாவம் என்ன பண்ணும்? இங்க பாருங்க, நானே வரவழைச்சு வெச்சிருக்கேன்.

– என்னது இது, குட்டிக் குட்டியா? விளையாட்டுச் சாமான் மாதிரி?

– கிளட்ச் வெயிட்டு. இப்ப உள்ள இருக்கிறதை விட லேசு.

– ஏத்தத்துக்கு லேசானதப் போட்டா எப்படிடா இழுக்கும்? கனமா இல்ல போடணும்?

– எல்லாரும் அப்படித்தான் நெனப்பாங்க. கனமா இருந்தா கிளட்ச் அவசரப்பட்டுப் பெரிய கியருக்குப் போயிடும், பாதி ஏத்தத்துல இன்ஜின் மூச்சு வாங்கும். லேசா இருந்தா அவசரமே படாது. சின்ன கியர்லயே நின்னு நிதானமா இழுக்கும். பின்னாடி கிளட்ச்சுக்குக் கெட்டியான ஸ்பிரிங் ஒண்ணு. அது பெல்ட்டை நழுவ விடாம இறுக்கிப் பிடிச்சுக்கும். இது ரெண்டையும் மாட்டிட்டா, அந்த ரெண்டாவது சரிவு இருக்கே, அதுல அப்படியே பல்லி மாதிரி ஏறும்.

– ரெண்டாவது சரிவுக்கா?

– அங்கதான் மாமா இன்னும் யாரும் தேடிப் பாக்கல. மீட்புப் படைக்காரங்க மெஷினெல்லாம் பாலத்துக்கிட்டயே நின்னுடுச்சு. நாய் கொண்டாந்தாங்க, அதுவும் முதல் சரிவோட சரி. அப்புறம் தேடி முடிச்சாச்சுன்னு உங்ககிட்ட கையெழுத்து வாங்கிக்கிட்டு மூட்டையைக் கட்டிட்டாங்க. நம்ம பாப்பா, மேல இருக்கிற விடுதியில வேலை முடிஞ்சு ஜீப் வரலைன்னு நடந்து இறங்கினவ. சாயங்காலம் மண்ணு சரிஞ்சப்ப அவ எந்த வளைவுல இருந்தான்னு யாருக்குத் தெரியும்? மேல அந்தப் பாறைப் பக்கமே ஒதுங்கியிருந்தா?

– ம்.

– அந்த இடத்தைப் பாக்காம எப்படி மாமா விடறது?

– யாரு விட்டா? நான் விட்டேன்னு உன்கிட்ட சொன்னேனா?

– அய்யோ, உங்களச் சொல்லல மாமா. தினம் போறவரு நீங்க. ஊரே வாயை மூடிக்கிட்டப்ப நீங்க ஒருத்தர்தான் போயிட்டு வர்றீங்க. அதனாலதான் சொல்றேன், பாதி வழியில நின்னுபோற வண்டியை வெச்சுக்கிட்டு உங்களை அல்லாட விடக்கூடாதுன்னு. என்னால தோண்ட முடியல. இதையாவது செய்யறேன்.

– அட விடு மாப்ள. என்னமோ போ. எவ்வளவு நேரம் ஆகும்?

– மூடியைக் கழட்டணும், ரெண்டு கிளட்ச்சையும் இறக்கணும். மத்தியானத்துக்குள்ள முடிச்சிடறேன். இந்த ஸ்டூல்ல உக்காருங்க, ஃபேனைப் போடறேன்.

– இல்ல, முக்குக் கடையில டீ குடிச்சிட்டு வரேன். இங்க உக்காந்தா நீ பேசிக்கிட்டே இருப்ப.

– சரி மாமா. வர்றப்ப எனக்கும் ஒண்ணு சொல்லி அனுப்புங்க.

– அவர் முக்கு திரும்புற வரைக்கும் எதிர்த்த சுவத்தோரமா நின்னுக்கிட்டிருந்தேன்டா தம்பி.

– அக்கா! நீ எப்ப வந்த? மாமா இப்பத்தானே போறாரு, கூப்பிடவா?

– கத்தாத. கூப்பிடாத. அவர் வர்றதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடறேன். என்ன பண்ணிக்கிட்டிருக்க?

– கிளட்ச் மாத்தறேன்க்கா. இனிமே வண்டி நிக்கவே நிக்காது. பாரேன், மேல வரைக்கும்...

– மாத்தாத.

– என்னக்கா?

– மாத்தாதன்னு சொல்றேன். இருக்கிறதையும் கெடுத்து வெய்யி. இது இனிமே மலை ஏறாதுன்னு அவர்கிட்ட சொல்லிடு. நீ சொன்னாக் கேப்பாரு. மெக்கானிக் சொல்றான்னு நம்புவாரு.

– நீயாக்கா பேசற?

– இங்க பாரு, என் மூஞ்சியைப் பாத்து பேசு. அந்த ஸ்பானரை முதல்ல கீழ வெய்யி. வானம் எப்படி இருக்குன்னு பாத்தியா? இன்னொரு மழை அடிச்சா மிச்சம் இருக்கிற மலையும் வந்துடும்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல எழுதியே ஒட்டியிருக்காங்க. மேல ஒரு ஆள் இறங்கற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்காம். பால்காரர் வந்து சொன்னாரு. பாப்பாவைக் குடுத்தேன். இவரையும் குடுக்கணுமா?

– பாப்பா இன்னும்... அப்படிச் சொல்லாதக்கா.

– வேற எப்படிடா சொல்றது? நான் பெத்தவ. எனக்குத் தெரியாதா? மழை நின்ன மறுநாள் காலையில எந்திரிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வீட்டுல ஒரு சத்தம் கொறஞ்சிருந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் ஒரு நிமிஷம்கூட நம்பல.

– அப்போ தினம் காலையில வாசல்ல நின்னு மாமாவை வழியனுப்பறியே?

– பின்ன என்ன பண்ணச் சொல்ற? அந்த மனுஷன் போறேன்னு கிளம்பறாரு. இல்லைங்க, போயிடுச்சுங்க, உக்காருங்கன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவர் கையில மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். அதையும் நானே பிடுங்கணுமா? அதான் மூஞ்சியைக் கழுவி, பொட்டு வெச்சு, இன்னைக்குக் கெடச்சிடுவான்னு நிக்கிறேன். வண்டி தெரு தாண்டினதும் உள்ள போயி சுவத்தைப் பிடிச்சுக்குவேன்.

– அழுதுடுக்கா. அழுதாத்தான் கொஞ்சம்...

– எங்கடா அழறது? அவர் தேடிக்கிட்டிருக்கிறப்ப நான் அழுதா, தேட வேண்டாம்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடிச்சு விசாரிக்க வந்தா, அவளைக்கூட உள்ள விடல. பாப்பா தட்டைக் கழுவி தனியா எடுத்து வெக்க முடியல. அவ ரூம்ல அந்த லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிக்குது, அதை மாத்தச் சொல்ல முடியல. எதைச் சொன்னாலும் அவ இல்லைன்னு சொல்ற மாதிரி ஆயிடுது. இந்தச் சனியன் பிடிச்ச வண்டி நின்னாத்தான்டா நான் பெத்ததுக்கு அழ முடியும்.

– அக்கா, கிளட்ச்சைக் கெடுக்கிறது விளையாட்டில்ல. ஏத்தத்துல பாதியில விட்டுச்சுன்னா வண்டி பின்னால உருளும். பக்கத்துல பள்ளம்.

– அதனாலதான் பாதியில நிக்கிற மாதிரி வேண்டாம்னு சொல்றேன். வாசலை விட்டே கிளம்பாத மாதிரி பண்ணு. உனக்குப் பண்ணத் தெரியாதா?

– தெரியும். ஆனா...

– ஆனாவும் இல்ல ஆவன்னாவும் இல்ல. நான் வந்தது அவருக்குத் தெரியவே கூடாது. நான்தான் சொன்னேன்னு தெரிஞ்சா, தேடறதை நிறுத்தச் சொன்ன பாவி நான்னு ஆயிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டாரு. பாப்பா மேல சத்தியம் பண்ணு.

– சத்தியம்க்கா. நீ போ. அவர் வந்துடப் போறாரு.

– பின்பக்கமா போறேன். நல்லா சாப்பிடுடா. கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு உனக்கு.

– என்ன மாப்ள, இந்தாப் பிடி உன் டீ. கையிலயே வாங்கிட்டு வந்துட்டேன். இந்தப் பக்கமா உங்க அக்கா போன மாதிரி இருந்துச்சே?

– அக்காவா? ஆமா... கடைக்கு வந்துச்சாம். அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போச்சு.

– ஓ. என்னடா, எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்க? மாட்டலையா இன்னும்?

– மாமா, ஒண்ணு சொல்றேன், மனசைத் தளர விட்றாதீங்க. இது தேறாது. உள்ள ஷாஃப்டே தேஞ்சுபோச்சு. புதுசு போட்டாலும் நிக்காது. வண்டி இனிமே மலை ஏறாது.

– ஏறாதா?

– ஏறாது.

– நெசமாவா? சுத்தமாவா? அப்பாடா...

– என்ன மாமா?

– ஒண்ணுமில்ல, சும்மா மூச்சு விட்டேன். ஏறாதுங்கறியா. சரி. இல்ல இல்ல, இரு. அதெப்படி ஏறாம போகும்? நேத்து வரைக்கும் ஓடிச்சே? வீட்டுல போயி என்னடா சொல்லுவேன்? ஏதாவது பண்ணு மாப்ள. வெல்டிங் வெய்யி. வேற யார்கிட்டயாவது ஷாஃப்ட்டு இருக்கான்னு கேளு. ஏறாதுன்னு மட்டும் சொல்லாத.

– இப்படி உக்காருங்க மாமா. டீயைக் கீழ வெய்யுங்க, கொட்டுது. நான் ஒண்ணு கேக்கவா?

– கேளு.

– இந்தாங்க, உங்க பெல்ட்டு. ஏத்தத்துல இழுத்து எரிஞ்ச பெல்ட்டு சுத்திலும் கருகி, ரெண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிருக்கும். இது ஒரே ஒரு இடத்துல மட்டும் எலி கடிச்ச மாதிரி பள்ளமா இருக்கு. மத்த இடமெல்லாம் புதுசு. வண்டி ஒரு அங்குலம்கூட நகராம நிக்கிறப்ப, பிரேக்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்ஜினை அலற விட்டாத்தான் இப்படி ஆகும். டயர்லயும் சேறே இல்ல. ஏன் மாமா?

– பெரிய டாக்டருடா நீ. பெல்ட்டைப் பாத்தே வியாதி சொல்ற.

– ஏன் மாமா பண்ணீங்க?

– நான் மேல போறதே இல்ல மாப்ள.

– எப்பருந்து?

– ரொம்ப நாளா. பாலத்துக்கிட்ட போயி வண்டியை நிறுத்துவேன். எதுத்தாப்புல பாத்தா மலை முழுக்க மண்ணு. ஒரு நாள் அந்த மண்ணு மேல பச்சையா ஏதோ தெரிஞ்சுது. பாப்பாவோட துப்பட்டாவா இருக்குமோன்னு விழுந்தடிச்சு ஓடினேன். புல்லுடா. புல்லு முளைச்சிருக்கு. அதுபாட்டுக்கு முளைச்சு, காத்துல ஆடுது. அங்கேயே உக்காந்துட்டேன். அன்னைக்கே எனக்கு விட்டுப்போச்சு.

– அதுக்கப்புறமும் தினம்...

– தினம் போவேன். அந்தக் கட்டைச் சுவத்துல உக்காந்திருப்பேன். சில நாள் தூங்கிடறதும் உண்டு. ஆனா சீக்கிரமா வீட்டுக்கு வந்தா ஏன்னு கேப்பாளே? சட்டையில மண்ணு இல்லையேன்னு பாப்பாளே? அதான் வாசனை வர்ற வரைக்கும் பெல்ட்டை எரிச்சுட்டு, இறக்கத்துல உருட்டிக்கிட்டு, சமதளத்துல தள்ளிக்கிட்டு வருவேன். கையெல்லாம் கரி, உடம்பெல்லாம் வேர்வை. அதைப் பாத்தா தேடிட்டுத்தான் வர்றேன்னு நம்புவா. சுடு தண்ணி வெச்சுக் குடுப்பா. எங்கெங்க பாத்தீங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டா.

– அக்காகிட்ட சொல்லிடலாமே மாமா. ஒரு தடவை, வாயை விட்டு...

– உனக்கென்ன பைத்தியமா? தினம் என் பைக்குள்ள ஒரு செட்டுத் துணி மடிச்சு வெக்கிறாடா. சுடிதாரு, சீப்பு, எல்லாம். கெடச்சா ஈரத்தோட கூட்டிட்டு வந்துடாதீங்கன்னு சொல்லுவா. அவகிட்ட போயி எதைச் சொல்லச் சொல்ற? நான் விட்டுட்டேன். அரசாங்கம் விட்டுடுச்சு. ஊரு விட்டுடுச்சு. அவ ஒருத்திதான் பாப்பாவை இன்னும் உசுரோட வெச்சிருக்கா. அவளும் விட்டுட்டான்னா, அன்னைக்குத்தான்டா என் பொண்ணு சாவா.

– மாமா...

– என்னடா இது, சின்னப் புள்ள மாதிரி. மூஞ்சில கிரீஸைப் பூசிக்காத. இந்தா, துண்டு.

– மேல வெடிப்பு விட்டிருக்காம் மாமா. மழை வேற வருது.

– தெரியும். வரட்டும். அந்த லேசான வெயிட்டு, கெட்டி ஸ்பிரிங்குன்னியே, ஷாஃப்ட்டு நெசமாவே தேஞ்சிருக்கா?

– இல்ல.

– எனக்குத் தெரியும். உனக்குப் பொய் வராது. அதையே மாட்டிடு. பெல்ட்டு எரியுற சாக்கு இனிமே எத்தனை நாளைக்குச் செல்லும்? ஏறினா ஏறிட்டுப் போகுது. ஆமா, உங்க அக்கா எட்டிப் பாத்துட்டுப் போனான்னியே. உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?

– சொல்லுச்சு மாமா. எப்படியாவது உச்சி வரைக்கும் ஏறுற மாதிரி பண்ணிக் குடுடா தம்பி, இன்னைக்கு நிச்சயமா கெடச்சிடுவான்னு சொல்லிட்டுப் போச்சு.