நான்காவது வாரக் கூழ்

எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் சாக்லேட் கூழ் கிண்டுவது என் பொறுப்பு. நிலக்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்தக் கூழில் துளியூண்டு கடலை மாவைக் கலந்து, வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டே போனால் உடம்பு பழகிவிடுகிறது. எவ்வளவு கலந்தேன் என்பதை டாக்டரிடம்கூடச் சொல்லக் கூடாது. அந்த விதியைக் கடைசிவரை காப்பாற்றினேன்.

என் ஆய்வேடு வேறு. ஒவ்வாமை உச்சத்துக்குப் போகும்போது ரத்தத்தில் என்ன ஏறுகிறது என்பது. பதினொரு பேர் முழு அளவையும் சாப்பிட்டுவிட்டுக் கையாட்டிப் போய்விட்டார்கள். ஒருவருக்கும் மூக்குகூட அரிக்கவில்லை. "எல்லாரும் நல்லாயிருந்தா நீ எதைப்பா எழுதப்போறே?" என்று பேராசிரியர் சிரித்தார். விளையாட்டாகச் சொன்னார். அவரை விட்டுவிடுங்கள்.

பன்னிரண்டாவது ஆள் தையல்கார அக்கா. "மக கடலை தின்னுட்டு முத்தம் குடுத்தாலே உதடு வீங்கிடுது தம்பி. அதுக்குத்தான் வர்றேன்" என்பார்.

நான்காவது வாரம், அவருக்குப் பத்தாவது வார அளவைப் போட்டேன். கரண்டி தவறிவிட்டது என்று முதலில் உங்களிடம் சொன்னேனே, அது தவறவில்லை. ஒவ்வாமையை முறிக்கும் மாற்று ஊசி தட்டில் இருந்தது. டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தேன்.

"இன்னிக்குக் கூழ் பிரமாதம். என்ன, பொண்ணு கிண்ணு அமைஞ்சிருக்கா?" என்று கேட்டுக்கொண்டே கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். ஏழாவது நிமிடம் கழுத்தைச் சொறிந்தார். ஒன்பதாவது நிமிடம் குரல் கம்மியது.

"தம்பி, டாக்டரக் கூப்பிடு."

கூப்பிட்டேன், ரத்தம் எடுத்த பிறகு. ஊசி போட்டுவிட்டால் உச்சம் தப்பிவிடுமே. அக்கா தானாகவே கையை நீட்டினார். மாற்று ஊசி போடப்போகிறேன் என்று நினைத்திருப்பார். நரம்பு சரியாக அகப்படவில்லை. மூன்று குழாய் நிறைய நான்கு நிமிடம் ஆனது. அதன்பின் டாக்டர் போட்ட இரண்டு ஊசியையும் உடம்பு ஏற்கவில்லை.

கண்ணை மூடினால் நீட்டிய அந்தக் கைதான் நிற்கிறது.

குழாய்களில் அக்கா பெயரையும் தேதியையும் எப்போது எழுதினாய் என்று கேட்டீர்கள். முந்தின நாள் சாயங்காலம். அவசரத்தில் எழுதினால் என் கையெழுத்து எனக்கே புரியாது.

கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தக் குழாய்களைக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடாதீர்கள். அக்கா கொடுத்தது வீணாகக் கூடாது.