சீல் வைக்க வந்தவன்

— கதவுல இருந்து கைய எடுடா. கூடப் பிறந்தவ இடத்துக்கு வந்தா, அக்கானு கூப்பிட்டு உள்ள வரணும். பூட்டும் அரக்குமா வந்து நிக்கிற!

— இது உன் வீடு இல்லக்கா, கல்யாண மண்டபம். பிரச்சனையே அதுதான்.

— ஓ! நகரமைப்பு அதிகாரிக்கு இப்பத்தான் அது கண்ணுல பட்டுச்சா? காய்ச்சல் பரவினப்போ மூச்சிரைக்க ஓடி வந்தியே. “பெரியாஸ்பத்திரியில தரையில கூட இடமில்லக்கா, மண்டபத்தைக் குடு”ன்னு நின்னியே. அன்னைக்கு இது என்னவா தெரிஞ்சுது?

— அன்னைக்கு அவசர நிலை. எந்த மண்டபத்தையும் ஆஸ்பத்திரியா மாத்திக்கலாம், அக்கம்பக்கத்துல சம்மதம் கேக்க வேண்டாம்னு விதியைத் தளர்த்தினாங்க. நேத்து அவசர நிலைய வாபஸ் வாங்கிட்டாங்க. இன்னைக்குச் சட்டப்படி இது குடியிருப்புத் தெருவுல அனுமதியில்லாம நடக்குற ஆஸ்பத்திரி.

— நோய் போயிடுச்சுன்னு அரசாங்கம் சொல்லிடுச்சு, சரி. உள்ள படுத்திருக்கவங்க நுரையீரல்கிட்ட யாராவது போய்ச் சொன்னீங்களா?

— புரியாம பேசாதக்கா.

— எனக்கா புரியல? வா உள்ள. வந்து அவங்க மூஞ்சியப் பாத்து இதையே சொல்லு. மணமேடைக்குப் பக்கத்துல படுத்திருக்காங்க பாரு, டீச்சரம்மா. ஆக்சிஜன் குழாயைக் கழட்டினா பேச்சு பாதியில நின்னுடும். அந்தப் பந்திக் கூடத்துல டிரைவர் அண்ணன் இப்பத்தான் சுவரைப் பிடிக்காம நடக்கப் பழகுறாரு. இவங்களைக் கொண்டுபோய் எங்க தள்ளப் போற?

— பெரியாஸ்பத்திரிக்கு. தெருமுனையில வண்டிங்க தயாரா நிக்குது.

— அங்க இவங்க வார்டு மேல் மாடியில. லிப்டு ஓடுனதா சரித்திரமே இல்ல. மூச்சு விட முடியாதவங்களைப் படி ஏறச் சொல்றியா?

— சார், வணக்கம். நான்தான் அந்த டிரைவர். நடந்து காட்டலாம்னு வந்தேன்... இருங்க, இரைக்குது... பஸ்ஸ நடுவழியில நிறுத்தி, “ரூட்டு மாறிடுச்சு, எல்லாரும் இறங்குங்க”ன்னு நான் சொல்லியிருந்தா, ஜனங்க என்னை உரிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க சார்.

— நீங்க உக்காருங்கண்ணே. இவன் என் தம்பிதான், நான் பாத்துக்குறேன்.

— தம்பியாம்மா? ஜாடையே தெரியலையே!

— இவனுக்குச் சட்டப் புத்தகத்து ஜாடைண்ணே. பின்பக்கம் நான் ஆசையா ஒரு சமையல் கொட்டகை போட்டேன். எல்லையைத் தாண்டி ஒரு முழம் வந்துடுச்சுன்னு ஆள் வச்சு இடிச்சான். முந்தின நாள் வந்து, “அக்கா, இடிக்கப் போறாங்க”ன்னு ஒரு வார்த்தை? ம்ஹூம்.

— சொல்லியிருந்தா சொந்தக்காரிக்குச் சலுகை காட்டினதா ஆயிருக்கும்.

— அதுக்கப்புறம் என் வாசப்படிய மிதிக்காதவன், காய்ச்சல் வந்ததும் மிதிச்ச. நான் மூஞ்சியத் திருப்பினேனா? சாவியை எடுத்து உன் கையிலதானே வச்சேன்?

— அதை மறக்கலக்கா.

— அப்புறம் என்னடா? உங்களுக்கு அவசரம்னா விதி நாணலா வளையுது. எங்களுக்கு அவசரம்னா இரும்புக் கம்பியா நிக்குதே, அது என்ன நியாயம்?

— தெருக்காரங்க மனு குடுத்திருக்காங்க. ஆம்புலன்ஸ் சத்தம் தாங்கல, வீடு விலை போகாதுன்னு. ஆஸ்பத்திரியாவே தொடரணும்னா நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பம் போடணும். தெருவைக் கூப்பிட்டு விசாரணை வைப்பாங்க.

— வைக்கட்டுமே! நானே வாசல்ல நாற்காலி போடுறேன். எதிர்வீட்டுக்காரர் முதல் ஆளா வரட்டும். அவரைப் பெத்தவ இங்க எந்தக் கட்டில்ல பிழைச்சு எழுந்தான்னு அவர் வாயாலயே சொல்லட்டும். எனக்கென்ன பயம்?

— சீல் வச்ச கட்டடத்துக்கு விண்ணப்பமே வாங்க மாட்டாங்க. அப்புறம் நீ கோர்ட்டுக்கு நடையா நடக்கணும்.

— விண்ணப்பம் முந்திக்கிட்டா?

— முந்திக்கிட்டா, விசாரணை முடியுற வரைக்கும் யாரும் கை வைக்க முடியாது.

— இத மொதல்ல சொல்றதுக்கென்ன! இங்க வைத்தியம் பாக்குற டாக்டர் பொண்ணு இப்பவே எழுதி எடுத்துக்கிட்டுப் போவா.

— எங்க ஆபீஸ் ஜன்னல்ல அதை வாங்கி முத்திரை குத்துறதுக்குள்ள இங்க பூட்டு விழுந்துடும். எங்க மேலதிகாரி போலீஸோட வந்துக்கிட்டு இருக்காரு.

— வரட்டும்! கட்டிலுக்குக் கட்டில் நான் குறுக்க படுக்குறேன். யாரு முதல்ல என்னைத் தாண்டுறான்னு பாக்குறேன்.

— அம்மா, எனக்கும் படுக்குறதுன்னா நல்லா வரும். பழகிப் போச்சு. என்னையும் சேத்துக்கோங்க.

— பாத்தியாடா, எழுந்து நிக்கவே திணறுறவருக்கு இருக்குற ரோஷம்! ஆமா, இந்த உத்தரவுல கையெழுத்துப் போட்ட மகராசன் யாரு?

— நான்தான்.

— என்ன சொன்ன?

— நான்தான்க்கா. கேட்டு வாங்கிப் போட்டேன்.

— ச்சீ. போ வெளிய. இனி செத்தாலும் என் மூஞ்சியில முழிக்காத.

— வேற எவன் போட்டிருந்தாலும் காலையிலேயே பூட்டிட்டுப் போயிருப்பான். கையெழுத்துப் போட்டவன்தான் நேர்ல நின்னு சீல் வைக்கணும். மேலதிகாரியே வந்தாலும் அவர் கையால வைக்க முடியாது. அது விதி.

— அதனால? டேய்... எதுக்குக் கதவைச் சாத்துற? தாழ்ப்பாள எதுக்குப் போடுற?

— டாக்டர் பொண்ணைப் பின்வாசல் வழியா அனுப்பு. விண்ணப்பத்துல முத்திரை விழுற வரைக்கும் ஆபீஸ் ஜன்னலை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லு.

— அப்ப நீ? வெளிய வந்து கூப்பிடுவாங்களேடா, உன் வேலை...

— கூப்பிடட்டும். சீல் வைக்க வேண்டிய அதிகாரி உள்ள இருக்கான்.